தமிழ்நாட்டில் மதியிறுக்கமுள்ள குழந்தைகளுக்கான அரசு உதவிச் சேவைகள்

தமிழ்நாட்டில் மதியிறுக்கமுள்ள குழந்தைகளுக்கான அரசு உதவிச் சேவைகள் என்பவை, மதியிறுக்கம் (ஆட்டிசம்) கொண்ட குழந்தைகளைக் கண்டறிதல், சான்றளித்தல், பயிற்சி அளித்தல், பள்ளியில் சேர்த்தல், உதவித்தொகை வழங்குதல் ஆகியவற்றுக்காக அரசு நிதியில் இயங்கும் ஏற்பாடுகள் ஆகும். இவை ஒரே துறையின் கீழ் அமையவில்லை. கண்டறிதலை நலவாழ்வுத் துறையும், கல்வியைப் பள்ளிக் கல்வித் துறையும், உதவித்தொகையையும் பயிற்சி மையங்களையும் மாற்றுத் திறனாளிகள் நலத்துறையும் கவனிக்கின்றன. அங்கன்வாடிகள் சமூக நலத்துறையின் பொறுப்பில் உள்ளன.

இச்சேவைகளைக் கொண்டு சேர்ப்பதில் உள்ள இடர்களை வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தையும் அதை ஒட்டிய ஜவ்வாது மலைப் பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பெரிய மருத்துவமனைகள் அருகில் இல்லாததே ஊர்ப்புறக் குழந்தைகளின் சிக்கல் என்பது பொதுவான எண்ணம். கணியம்பாடியில் அந்த விளக்கம் பொருந்தாது என்பதே இவ்வூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

பெயர்

மதியிறுக்கத்தை ஒரு தனி நிலையாக 1943 ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் விவரித்தார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஆன்சு அசுபெர்கர் இதையொத்த மற்றொரு விவரிப்பை வெளியிட்டார். பிறருடன் உறவாடுவதிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையான அல்லது மிகக் குறைவான எதிர்வினை ஆகியவை இதன் அடையாளங்கள். இது ஒரு நோயன்று. மருந்தால் நீங்குவதும் அன்று. குழந்தைக்குக் குழந்தை பெரிதும் வேறுபடுவதால் இக்காலத்தில் மதியிறுக்க நிறமாலை என்றே குறிப்பிடுகின்றனர்.

தமிழில் மதியிறுக்கம், ஆட்டிசம், தன்முனைப்புக் குறைபாடு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அரசு ஆவணங்களில் "புற உலகச் சிந்தனையற்ற" என்ற நீண்ட தொடரும் காணப்படுகிறது. இச்சொற்களில் எதுவும் ஊர்ப்புறத் தாய்மார்களின் பேச்சில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையை மருத்துவமனைக்குக் கூட்டி வரும் தாய் சொல்வது "இன்னும் பேச்சு வரவில்லை" அல்லது "கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை" என்பதே ஆகும். தந்தையும் நான்கு வயதில்தான் பேசினார், குழந்தை தானாகப் பேசிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவது வழக்கம். காது கேட்கவில்லையோ என்ற ஐயத்தில் காது மருத்துவரிடம் முதலில் செல்வோரும் உளர். இந்த ஐயம் தவறானதன்று, கேட்டல் சோதனை எப்படியும் தேவை. ஆயினும் அச்சோதனையில் காது நன்றாக உள்ளது எனத் தெரிந்தவுடன் தேடல் நின்றுவிடுவதும் உண்டு.

சட்டப் பின்னணி

இந்தியாவின் 1995 ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு நிலைகளை மட்டுமே பட்டியலிட்டது. மதியிறுக்கம் அவற்றுள் இல்லை. 1999 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் மதியிறுக்கம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கையும் தன் வரம்பினுள் கொண்டு வந்தது. எனினும் அது காப்பாளர் நியமனம், பராமரிப்பு போன்றவற்றுக்கான சட்டம். இட ஒதுக்கீடோ பொதுவான நலத்திட்ட உரிமையோ அதன் வழி கிடைக்கவில்லை.

இதன் விளைவாக, அக்காலத்தில் மதியிறுக்கமுள்ள குழந்தைக்குச் சலுகை வேண்டுமெனில் மனவளர்ச்சிக் குறைபாடு என்ற தலைப்பில் சான்றிதழ் பெறுவதே கைவசமிருந்த வழியாக இருந்தது. நுண்ணறிவு எண் இயல்பான அளவில் இருந்து, பேச்சிலும் பழகுவதிலும் மட்டும் பெரும் இடர்ப்பாடு கொண்ட குழந்தைகளுக்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் இந்த நிலையை மாற்றியது. 21 நிலைகளை ஏற்ற இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. மதியிறுக்க நிறமாலை அதில் தனியே பெயர் பெற்றுள்ளது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடு உடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை இச்சட்டத்தின் 31 ஆம் பிரிவில் உள்ளது.

எத்தனை குழந்தைகள்?

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத் திறனாளிகள் எனப் பதிவாயிற்று. அக்கணக்கெடுப்புப் படிவத்தில் மதியிறுக்கத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. எனவே அத்தகைய குழந்தைகள் மனவளர்ச்சிக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு, "பிற" ஆகிய கட்டங்களில் சிதறினர், அல்லது எதிலும் சேரவில்லை. இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 குழந்தைகளிடம் இன்க்ளென் அமைப்பு நடத்திய ஆய்வு 2018 இல் வெளியானது. ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதை அது காட்டியது. மதியிறுக்கம் அக்குறைபாடுகளுள் ஒன்று. உலக சுகாதார அமைப்பு, 2021 ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு மதியிறுக்கம் இருப்பதாக மதிப்பிடுகிறது.

கணியம்பாடியின் அமைவிடம்

கணியம்பாடி, வேலூருக்குத் தெற்கே திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊரும் ஊராட்சி ஒன்றியமும் ஆகும். ஒன்றியத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். மேற்கே அமிர்தி காட்டு வழியே ஜவ்வாது மலைத்தொடர் எழுகிறது. மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். இவர்கள் தமிழ் பேசுவோர், கேரளத்தவர் அல்லர்.

வேலூருக்கும் கணியம்பாடிக்கும் இடையே அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. பாகாயத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் உள்ளது. அம்மையத்தைச் சேர்ந்த "நம்பிக்கை நிலையம்", வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து தங்கிப் பயிற்சி பெறும் இடமாகும். இக்கல்லூரியின் சமூக நலவாழ்வுத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாக வீடுவீடாகப் பிறப்பு, இறப்பு, தடுப்பூசி விவரங்களைப் பதிந்து வருகிறது. நாட்டின் மிகச் சில ஒன்றியங்களுக்கே இத்தகைய தரவு வாய்த்திருக்கிறது. சுருங்கக் கூறின், வல்லுநர் அருகில் இல்லை என்று இவ்வூர் முறையிட இயலாது. இங்கு இடர் எழுமானால், மற்ற ஒன்றியங்களின் நிலையை எளிதில் ஊகிக்கலாம்.

கண்டறிதல்

தேசிய குழந்தைகள் நலத்திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இதன்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் சென்று குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய தலைப்புகளில் சுமார் 30 நிலைகள் சோதனைப் பட்டியலில் உள்ளன. மதியிறுக்கமும் அவற்றில் ஒன்று. ஐயத்துக்குரிய குழந்தைகள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படுவர்.

ஏட்டளவில் இது நல்ல வடிவமைப்பு. ஆனால் இதயத்தில் ஓசை, உதட்டுப் பிளவு, இரத்தச் சோகை ஆகியவற்றைச் சில நிமிடங்களில் காண இயலும். மதியிறுக்கத்தை அவ்வாறு காண இயலாது. ஒரு காலைப் பொழுதில் முப்பது குழந்தைகளைப் பார்க்க வேண்டிய குழுவின் முன்னால், மூலையில் அமைதியாக ஒரு மூடியைச் சுழற்றிக் கொண்டிருக்கும் குழந்தை "தொந்தரவு தராத பிள்ளை" ஆகிவிடுகிறது. அழுது புரளும் குழந்தையோ அன்று அங்கன்வாடிக்கே அழைத்து வரப்படுவதில்லை. நாள்தோறும் குழந்தையைப் பார்ப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். ஆனால் எடை, உயரம், சத்துமாவு, வருகைப்பதிவு, கைபேசிச் செயலியில் தரவேற்றம் எனப் பல பணிகளுக்கு நடுவேதான் அவர் இதையும் கவனிக்க வேண்டியுள்ளது.

சான்றிதழ்

குறைபாட்டின் அளவை முடிவு செய்ய மதியிறுக்க மதிப்பீட்டுக்கான இந்திய அளவுகோல் பயன்படுகிறது. செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய இவ்வளவுகோலைச் சான்றளிக்கும் கருவியாக மத்திய அரசு 2016 ஏப்ரலில் அறிவித்தது. இதில் 40 வினாக்கள் ஆறு பிரிவுகளில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 க்குக் கீழ் எனில் மதியிறுக்கம் இல்லை எனவும், 70 முதல் 106 வரை இலேசானது எனவும், 107 முதல் 153 வரை மிதமானது எனவும், அதற்கு மேல் கடுமையானது எனவும் கொள்ளப்படும். 70 மதிப்பெண்ணே 40 விழுக்காட்டுக்கு இணையாக வைக்கப்பட்டுள்ளது. ஆகவே ஓரிரு மதிப்பெண் வேறுபாடு ஒரு குழந்தையைச் சட்டத்தின் உள்ளேயோ வெளியேயோ நிறுத்திவிடக்கூடும்.

அளவுகோலின் வினாக்கள் குழந்தையை உற்றுநோக்கியும் பெற்றோரை வினவியும் நிரப்பப்பட வேண்டியவை. இதற்குப் பொறுமையும் அமைதியான அறையும் வேண்டும். மாற்றுத் திறனாளிகளுக்கான சிறப்பு முகாமில் இவ்விரண்டும் அரிது. ஒலிபெருக்கி, நீண்ட வரிசை, அறிமுகமற்ற முகங்கள் ஆகியவற்றைத் தாங்க இயலாத நிலையே சில குழந்தைகளின் மதியிறுக்கம் என்பதை எண்ணிப் பார்த்தால், முகாம் என்ற முறை இக்குழந்தைகளுக்கு எவ்வளவு பொருந்தாதது என விளங்கும். கால் இழந்த ஒருவரை முகாமில் அளவிட்டுச் செயற்கைக் கால் வழங்கலாம்; அம்முறை அவருக்காக உருவானது. இக்குழந்தைகளும் அதே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.

சான்றிதழுடன் தேசிய அடையாள அட்டை எண்ணையும் வலைவாசலில் பதிந்து பெற வேண்டும். குழந்தை வளர வளர மறுமதிப்பீடு தேவைப்படலாம். குழந்தையின் நிலை மாறக்கூடியது என்பதால் இதற்கு அறிவியல் நியாயம் உண்டு. எனினும் மறுமதிப்பீட்டுக்குச் செலவாகும் நாள் பெற்றோருடையது.

பயிற்சி: முதன்மையான இடர்

மதியிறுக்கத்தில் பயன் தருவது பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைப் பயிற்சி, நடத்தைசார் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவையே. இவற்றுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. ஒருமுறை வழங்கி முடித்துவிடக்கூடிய பொருள் எதுவும் இவற்றில் இல்லை. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில், ஒரே பயிற்சியாளரிடமோ ஒத்த முறையிலோ தொடர வேண்டும். அரசு இயந்திரமோ சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, சான்றிதழ், காசோலை போன்ற எண்ணி வழங்கக்கூடியவற்றை வழங்குவதில் தேர்ந்தது. "இத்தனை பயனாளிகளுக்கு இத்தனை பொருட்கள்" என்ற அறிக்கையில் ஒரு குழந்தை இரண்டு ஆண்டுகள் இடைவிடாது பயிற்சி பெற்றதா என்பதைக் குறிக்க இடமில்லை. முதல் நாள் வந்த குழந்தையும் நூறாவது முறை வந்த குழந்தையும் அதில் ஒரே பயனாளிதான். மற்ற இடர்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைக்கின்றன எனலாம்.

கணியம்பாடி அளவில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இது மதிப்பீடே, ஆய்வு முடிவு அன்று. ஒரு இலட்சம் மக்களில் பத்து வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ 15,000 எனக் கொள்வோம். 127 பேரில் ஒருவர் என்ற விகிதப்படி சுமார் 118 குழந்தைகள். ஒரு பயிற்சியாளர் நாளுக்கு 6 அமர்வுகள் வீதம் வாரம் 5 நாட்கள் பணியாற்றினால் 30 அமர்வுகள். ஒரு குழந்தைக்கு வாரம் இரண்டு அமர்வு எனில் ஒரு பயிற்சியாளரால் 15 குழந்தைகளையே பார்க்க இயலும். 118 குழந்தைகளுக்கு எட்டுப் பயிற்சியாளர்கள் வேண்டும். இது ஒரே வகைப் பயிற்சிக்கு, ஒரே ஒன்றியத்துக்கு, மற்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைச் சேர்க்காமல் போட்ட கணக்கு. மாவட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் அமைந்த இடையீட்டுச் சேவை மையத்தால் இதை நிறைவு செய்ய இயலாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மையம் செய்யக்கூடியது அமர்வுகளுக்கிடையே நாட்களைக் கூட்டுவதே. வாரம் இருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆகும்போது அது பயிற்சி என்ற தன்மையை இழந்து, வெறும் வருகைப்பதிவாகச் சுருங்குகிறது.

குடும்பத்தின் பக்கத்திலும் கணக்கு உண்டு. அமர்வு முக்கால் மணி நேரமே ஆனாலும், அமிர்திப் பக்கத்து ஊரிலிருந்து அடுக்கம்பாறைக்கு வந்து திரும்ப அரை நாளுக்கு மேல் ஆகும். வாரம் இரண்டு அமர்வு என்றால் தாய்க்கு வாரம் இரண்டு நாள் கூலி இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாற்றுத் திறனாளிகளுக்கும் உடன் செல்வோருக்கும் அச்சலுகை பின்னர் விரிவாக்கப்பட்டது. இது உண்மையான உதவி. ஆனால் இழந்த கூலியை அது ஈடுகட்டாது. நெரிசலிலும் ஒலிப்பானின் ஓசையிலும் காதைப் பொத்திக் கொண்டு அலறும் குழந்தையை ஒரு மணி நேரம் மடியில் இறுக்கிப் பிடித்து வரும் துன்பத்தையும், "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்ற சக பயணிகளின் சொல்லையும் அது குறைக்காது. நான்கைந்து முறைக்குப் பின் வருகை நின்றுவிட்டால், கோப்பில் அது "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை" எனப் பதியப்படும். இச்சொற்றொடர் தவறான இடத்தைச் சுட்டுகிறது.

மலை ஊர்களில் பேருந்தே அரிது. மேலும் ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. 2019 இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின் இந்நிலை ஏற்பட்டது. நலத்துறையின் அலுவலகமோ மாவட்டத் தலைநகரில் உள்ளது. சிகிச்சைக்கு வேலூரை நாடும் மலைக் குடும்பம் விண்ணப்பத்துக்கு வேறொரு நகருக்குச் செல்ல நேரலாம்.

பள்ளி

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2012 இல் திருத்தப்பட்டு, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அடங்கும் குழந்தைகளையும் வெளிப்படையாக உள்ளடக்கியது. கடுமையான குறைபாடு உள்ளோர் வீட்டிலிருந்தபடியே கல்வி பெறவும் திருத்தம் வழி செய்தது. இப்பணிகள் 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் நடைபெறுகின்றன. வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் சுழற்சி முறையில் செல்கின்றனர். தொகுப்பூதியத்தில், ஒரு பள்ளிக்கு மற்றொரு பள்ளி எனப் பயணத்திலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் இப்பணியில் ஒருவர் நெடுநாள் நிலைப்பது கடினம். மதியிறுக்கமுள்ள குழந்தைக்குப் பயிற்றுநர் மாறுவது மற்றக் குழந்தைக்கு ஆசிரியர் மாறுவது போன்றதன்று. பழகிய முகமும் ஒழுங்கும் குலைந்தால் கற்றதில் ஒரு பகுதியும் குலையும்.

இது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தொடக்கநிலையில் 10 மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்ற சிறப்பாசிரியர் விகிதத்தை இடைக்கால அளவாக ஏற்றது. பணியிடங்களை மாநிலங்கள் முறையாக உருவாக்கி அறிவிக்க வேண்டும் என 2025 மார்ச்சில் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

உதவித்தொகையும் காப்பீடும்

அறிவுசார் குறைபாடு உடையோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாநில அரசு வழங்கும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. மருத்துவமனையில் தங்காமல் பெறும் தொடர் பயிற்சிக்கான செலவும் இதில் அடங்குவது இதன் தனிச்சிறப்பு. ஆயினும் செலவு செய்து பற்றுச்சீட்டு இணைத்துப் பின்னர் பணம் பெறும் முறை இது. முதலில் செலவிடக் கையில் பணமும், செலவிடுவதற்கு அருகில் ஒரு பயிற்சி நிலையமும் உள்ளவருக்கே இது எளிதில் பயன்படும்.

மாற்று முயற்சிகள்

வல்லுநர் குழந்தைக்குப் பயிற்சி தருவதற்கு மாறாக, வல்லுநரல்லாத பணியாளர் பெற்றோருக்குப் பயிற்சி தருவது ஒரு வழி. இம்முறை கோவாவிலும் பாக்கித்தானின் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2016 இல் முடிவுகள் வெளியாயின. 12 அமர்வுகளில், குழந்தையின் சிறு முயற்சிகளைக் கவனித்து எதிர்வினை ஆற்றப் பெற்றோர் பழகினர். பெற்றோர் தம் குழந்தையுடன் ஒத்திசைந்து பழகுவதிலும், குழந்தை தானே பேச்சையோ சைகையையோ தொடங்குவதிலும் முன்னேற்றம் காணப்பட்டது. தமிழ்நாட்டில் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பி, வல்லுநர்கள் கைபேசிச் செயலி வழியே அவர்களை வழிநடத்தும் முறையைக் கையாள்கிறது.

இவ்வழியிலும் ஓர் இடர் உண்டு. பெற்றோரே பயிற்சியாளர் என்னும்போது நடைமுறையில் அது தாயையே குறிக்கிறது. கூலி வேலை, சமையல், மற்றக் குழந்தைகள் ஆகியவற்றுடன் இதுவும் அவர் மேல் ஏறுகிறது. பயன் இல்லாதபோது குறையும் அவர் மேலேயே விழுகிறது. எனவே பெற்றோர் பயிற்சியைச் செலவைக் குறைக்கும் உத்தியாக மட்டும் கொள்வது பொருந்தாது.

உலக வங்கி 2022 இல் 16.2 கோடி அமெரிக்க டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த தமிழ்நாடு உரிமைகள் திட்டம், "விழுதுகள்" என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் பயிற்சிக் கருவிகள் கொண்ட ஊர்திகளையும் மக்களின் இருப்பிடத்துக்கு அருகே கொண்டு செல்ல முனைகிறது. துறைகள் பலவாகப் பிரிந்து கிடக்கும் சிக்கலுக்கு ஒரே கூரை என்பது சரியான திசையே. அக்கூரையின் கீழ் ஒரே பயிற்சியாளர் ஒரே குழந்தையை எத்தனை மாதங்கள் தொடர்ந்து பார்க்கிறார் என்பது திட்டத்தின் அளவீடுகளில் இடம்பெற வேண்டும். திறக்கப்பட்ட மையங்களின் எண்ணிக்கையை விட அதுவே பயனுள்ள அளவீடாகும்.

18 வயதுக்குப் பின்

இலவசக் கல்விக்கான சட்ட உரிமை 18 வயதுடன் முடிகிறது. அதே வயதில் பெற்றோர் சட்டப்படி இயல்பான காப்பாளராக இருப்பதும் முடிவதால், தேவைப்படுவோர் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கோரி விண்ணப்பிக்க வேண்டும். கணியம்பாடியில் 2017 ஆம் ஆண்டுக்கு முன்னர் பிறந்து மதியிறுக்கம் என்ற பெயரில் சான்று பெற இயலாதிருந்த குழந்தைகளில் பலர் இப்போது இவ்வயதை எட்டியுள்ளனர், அல்லது எட்டவுள்ளனர். பிற தலைப்புகளில் பெற்ற பழைய சான்றிதழ்களுடன் அவர்கள் முதற்கட்டமான மதிப்பீட்டிலிருந்தே மீண்டும் தொடங்க நேரலாம்.